வற்றிவிட்டாரா இளையராஜா? மாரிகுப்பம் ரயிலில் எழுந்த ஒரு வழக்கு

நந்திதுர்க்கில் என்னோடு ஒரே வகுப்பில் படித்த நண்பர்கள் இருவர் ஒரு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. நிலத் தகராறும் இல்லை, பணத் தகராறும் இல்லை. காரணம் இளையராஜா.

மாரிகுப்பத்திலிருந்து பெங்களூரு செல்லும் அதிகாலை ரயிலில் இருவரும் ஒரே பெட்டியில் ஏறுபவர்கள். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு எங்கள் ஊரின் பிழைப்பு அந்தத் தண்டவாளத்தின் மேல்தான் ஓடுகிறது. இருட்டில் புறப்பட்டு இருட்டில் திரும்பும் அந்தப் பயணத்தில் பேசப்படாத பொருளே இல்லை. இலண்டனில் 2025 மார்ச் 8 அன்று ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை வாசித்ததில் தொடங்கிய பேச்சு, எண்பத்தொரு வயதில் இது சாதனையா பிடிவாதமா என்று திரும்பி, கடைசியில் வழக்கமான இடத்துக்கே வந்து நின்றது. ஒருவன் சொன்னான்: "தொண்ணூத்திரண்டோட அவரு முடிஞ்சிட்டாரு. அப்புறம் வந்ததெல்லாம் வெறும் டம்ப்பு மண்ணு." மற்றவன் சற்று நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டுச் சொன்னான்: "உங்கப்பாவையும் இப்படிச் சொல்லித்தானேடா வீட்டுக்கு அனுப்புனாங்க."

மறுநாளிலிருந்து இருவரும் வேறு வேறு பெட்டிகளில் ஏறுகிறார்கள். தனித்தனியே என்னிடம் வந்து முறையிடவும் செய்தார்கள். தங்கவயல் தொழிலாளர் குடியிருப்புகளில் மக்கள் இசை கேட்ட பழக்கத்தைப் பற்றி நான் சில ஆண்டுகளாக ஆய்வு செய்துவருவதால், "ஆராய்ச்சி பண்றவன் நீதான் சொல்லணும்" என்பது இருவரின் ஒரே கோரிக்கை. இது தீர்ப்பு அன்று. ஆனால் ரயிலில் நின்றுகொண்டு சொல்லி முடிக்க முடியாத சில செய்திகள் உண்டு. நீளத்தைப் பொறுத்துக்கொள்க.

வெளியூர் நண்பர்களுக்காக ஒன்றை விளக்கிவிட வேண்டும். டம்ப் என்று நாங்கள் சொல்வது, பாறையை அரைத்துத் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு எஞ்சிய தூளைக் கொட்டிக் கொட்டி உருவான மேடு. சயனைடு கலந்து பிரித்த மண் என்பதால் சயனைடு மலை என்றும் சொல்வோம். காற்றுக் காலத்தில் அந்தத் தூள் எங்கள் சோற்றில் விழும். 'கே.ஜி.எஃப்' படத்தில் அந்த மேடுகளைக் கண்டு வியந்தவர்களுக்கு அது காட்சி. எங்களுக்கு அது துணி காயப்போடும் நேரத்தைத் தீர்மானிக்கும் பொருள். ஆகவே ஒருவரின் படைப்பை டம்ப்பு மண் என்று சொல்வது இங்கே சாதாரண வசை அன்று. உள்ளிருந்த மதிப்பெல்லாம் எடுக்கப்பட்டுவிட்டது, இனி இருப்பது தொல்லை மட்டுமே என்று பொருள்.

மற்றவனின் பதிலும் அவ்வாறே கூர்மையானது. இந்த ஊரில் இளையராஜா ஓர் இசையமைப்பாளர் மட்டும் அல்லர். ஒடுக்கப்பட்ட மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த லைன் வீடுகளில், பண்ணைப்புரத்திலிருந்து சென்ற ஒருவர் பட்டணத்து ஒலிப்பதிவுக் கூடங்களை ஆண்டார் என்பது சொந்த வீட்டுச் செய்தி போன்றது. அவர் தம் பிறப்பைப் பற்றிய பேச்சை விரும்புவதில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் சுவரில் படம் மாட்டினோம். அப்படிப்பட்ட ஒருவரைத் தீர்ந்துபோனவர் என்று சொல்லும்போது, தீர்ந்துபோனவர்கள் என்று சொல்லப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு எங்கே வலிக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. எனினும் அந்த வலி உண்மையானது என்பதாலேயே 2007-இல் வந்த ஒரு பாட்டு நல்ல பாட்டு ஆகிவிடாது. இருவரும் பேசியது இசையைப் பற்றி அன்று என்பதே என் முதல் வருத்தம்.

இனி இசைக்கு வருவோம்.

எண்பதுகளின் இளையராஜா குறைவற்றவர், பின்னாளைய இளையராஜா ஏற்றத்தாழ்வு மிக்கவர் என்பது முதல் நண்பனின் கட்சி. இந்தக் கட்சியின் வேர் எங்கே இருக்கிறது என்பதை என் களப்பணியில் தற்செயலாகக் கண்டுகொண்டேன். ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் பாட்டுப் பதிவு செய்து தரும் கடைகள் இருந்தன. வெற்று கேசட்டையும் ஒரு காகிதத்தையும் கொடுத்துவிட்டு வர வேண்டும். அறுபது நிமிடக் கேசட்டில் பன்னிரண்டு பதின்மூன்று பாட்டுகள் அடங்கும். தொண்ணூறு நிமிடமாயின் இன்னும் ஐந்தாறு. சம்பள நாளுக்குப் பின் கூட்டம் அதிகம். அந்தக் காகிதங்கள் சில இன்றும் கேசட் பெட்டிகளுக்குள் மடிந்து கிடக்கின்றன. பென்சிலில் எழுதி, அடித்து, மீண்டும் எழுதப்பட்டவை. ஒரு படத்தில் ஐந்து பாட்டு இருந்தால் காகிதத்தில் ஏறியது ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. காசு கொடுப்பவன் யோசித்துத்தான் எழுதுவான்.

எண்பதுகளின் இளையராஜா என்று நாம் இன்று நினைவில் வைத்திருப்பது அந்தக் காகிதங்களின் இளையராஜாவைத்தான். கடைக்காரர் ஒரு முறை சலித்தார், வாங்கியவர் ஒரு முறை சலித்தார், டீக்கடையும் திருமண வீட்டு ஒலிபெருக்கியும் ஒரு முறை சலித்தன, நாற்பது ஆண்டுகள் இன்னொரு முறை சலித்துவிட்டன. எஞ்சியது பொன். இதற்கு மாறாக, 2000-க்குப் பிந்தைய தொகுப்புகள் முதலில் குறுந்தகடாகவும் பின்னர் கைப்பேசியிலும் முழுதாக, ஒரே நாளில், சலிக்கப்படாமல் வந்து சேர்ந்தன. ஒருபுறம் உருக்கி எடுத்த கட்டியையும் மறுபுறம் வண்டியில் ஏற்றிய பாறையையும் தராசில் வைத்துவிட்டுத் தரம் குறைந்துவிட்டது என்கிறோம்.

இதைச் சோதித்துப் பார்க்க 1984-ஐ எடுத்துக்கொண்டேன். எண்பதுகளில் ஓராண்டுக்கு ஐம்பது படங்களை அவர் நெருங்கிக்கொண்டிருந்த காலம். கிடைத்த பாடல்களையெல்லாம் படவரிசையில், ஒன்றையும் தள்ளாமல் கேட்டேன். பல வாரங்கள் ஆயின. 'வைதேகி காத்திருந்தாள்' அந்த ஆண்டுதான். 'தம்பிக்கு எந்த ஊரு' அந்த ஆண்டுதான். 'நல்லவனுக்கு நல்லவன்' அந்த ஆண்டுதான். ஆனால் 'குவா குவா வாத்துகள்' படப் பாடல்களை வரிசையாகச் சொல்லக்கூடிய ரசிகரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஒரே தாள அமைப்பு மூன்று படங்களில் வருகிறது. ஒரு படத்துக்கு எழுதி மிஞ்சியதுபோல் தோன்றும் வயலின் பகுதி அடுத்த படத்தில் உட்கார்ந்திருக்கிறது. காலையில் மெட்டு, மதியம் பதிவு என்று உழைத்த ஒருவரிடம் இதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. சொல்ல வருவது இவ்வளவே: ஏற்றத்தாழ்வு அவருடைய முதுமையின் நோய் அன்று. 1976-இல் 'அன்னக்கிளி' வந்த நாள் முதல் அது அவருடைய வேலைமுறையின் உடன்பிறப்பு. நிறையச் செய்பவர், செய்தவற்றை மறைக்காதவர், வந்தவரைத் திருப்பி அனுப்பாதவர். சிகரங்களும் அதே பழக்கத்தால் வந்தவைதாம்.

இதுவரை படித்துவிட்டு இரண்டாம் நண்பன் மகிழ்ந்திருப்பான். அவனுக்கு மகிழ்ச்சி தராத பகுதி இனி வருகிறது.

எதுவும் மாறவில்லை, காதுதான் மாறிவிட்டது என்பது பக்தர்களின் வாதம். மாறியது. முதலாவதாக அறை மாறியது. எண்பதுகளின் ஒலி ஒருவர் தனியாக எழுதிய ஒலி மட்டும் அன்று. அவர் எழுதிய தாளைப் பார்த்தவுடன் வாசிக்கக்கூடிய மனிதர்கள் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் மூச்சுவிட்ட ஒலி. வி.எஸ். நரசிம்மனின் வயலின், சதானந்தத்தின் கிட்டார், சசிதரனின் பேஸ், புருஷோத்தமனின் டிரம்ஸ், விஜி மேனுவலின் கீபோர்டு, நெப்போலியன் என்று நாம் அறிந்த அருண்மொழியின் புல்லாங்குழல். அந்தக் கூட்டு மெல்ல மெல்லக் கலைந்தது. பொருளாதாரம் ஒரு காரணம்: தயாரிப்பாளர்கள் நாற்பது பேருக்குச் சம்பளம் தரத் தயாராக இல்லாத காலம் வந்தது. 2000-களில் வெளிவந்த பல தொகுப்புகளில் மெட்டு ஏறி வரும், கீழே தாளம் கணினியில் ஒரே அழுத்தத்தில் தட்டிக்கொண்டிருக்கும். கணினியே குற்றவாளி என்று சொல்லமாட்டேன். 'புன்னகை மன்னன்' படத்திலேயே, 1986-இல், அவர் கணினியைப் பயன்படுத்தினார். அன்று அது ஒரு புதிய வாத்தியமாக வந்தது, பின்னர் ஆள் குறைப்பாக வந்தது. வேறுபாடு அங்கே இருக்கிறது. ஆள் குறைப்பு என்பதைக் காதால் கேட்டு அறியும் திறன் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சற்று அதிகம்.

இரண்டாவது மாற்றம், எதிரில் இருந்தவர்கள். வைரமுத்துவுடனான கூட்டு 1986-ஐ ஒட்டி முடிந்தது. பாலசந்தர் விலகினார். மணிரத்னம் 'தளபதி'யோடும் (1991), பாரதிராஜா 'நாடோடித் தென்றல்' (1992) படத்தை அடுத்தும் வேறு பக்கம் போனார்கள். ரகுமானின் 'ரோஜா' வந்ததால் இளையராஜா சரிந்தார் என்று சொல்வது எளிய கதை. அதைவிடப் பெரிய இழப்பு, இந்த மெட்டு வேண்டாம், இன்னொன்று தாருங்கள் என்று எதிரே உட்கார்ந்து கேட்கக்கூடியவர்கள் குறைந்துபோனது. அவர் புகழின் உயரம் கூடக்கூட, வருகிறவர்கள் காலில் விழுந்து எழுந்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டு போகத் தொடங்கினார்கள். பிற்காலத் தொகுப்புகளில் நான் காணும் பெருங்குறை மெட்டு வறட்சி அன்று, மறுப்பு வறட்சி. வரிகளின் நிலை இன்னும் மோசம். சில தொகுப்புகளில் நல்ல மெட்டுகள் தேய்ந்த சொற்களைச் சுமந்துகொண்டு நடப்பதைக் கேட்கையில் ஆற்றாமையே மிஞ்சுகிறது. இந்தியில் 'சீனி கம்' (2007) பழைய மெட்டுகளைத் திருப்பிப் போட்டுப் பாராட்டுப் பெற்றது. எனக்கு அது ஒப்பவில்லை என்பதையும் இங்கேயே பதிந்துவைக்கிறேன்.

'நீதானே என் பொன்வசந்தம்' (2012) இந்த வழக்கின் நடுமையம். எட்டுப் பாட்டு, எல்லாவற்றுக்கும் நா. முத்துக்குமாரின் வரிகள், வெளிநாட்டு இசைக்கலைஞர்கள், பெரிய அரங்கில் வெளியீடு. பல ஆண்டுகளுக்குப் பின் பணமும் ஆட்களும் மறுக்கப்படாத ஒரு தொகுப்பு. அன்று எங்கள் ரயில் பெட்டி இரண்டாகப் பிரிந்தது நினைவிருக்கிறது. ராக் கிட்டார் இரைச்சல் என்றார்கள் சிலர். யுவனின் குரல் பொருந்தவில்லை என்றார்கள் பலர். இதுதான் உண்மையான ராஜா என்று மீதிப்பேர். இன்று திரும்பக் கேட்டால், எனக்கு அது ஒரு பெரிய முயற்சியாகவும் பாதி வெற்றியாகவும் தோன்றுகிறது. கம்பி வாத்தியங்கள் எழுதப்பட்டுள்ள விதத்தில் எண்பதுகளில் இல்லாத ஒரு பொறுமை இருக்கிறது. கிட்டாரும் டிரம்ஸும் சேரும் இடங்களில் அந்தப் பொறுமை உடைகிறது. குரல்களைப் பொறுத்தவரை எதிர்ப்பாளர்களோடு உடன்படுகிறேன். ஆனால் பாதி வெற்றி என்ற சொல்லுக்கு ரசிகர் மன்றங்களில் இடமே இல்லை. அங்கே எதுவும் காவியம், அல்லது டம்ப்.

இனி, கூடியது எது? இருவரும் காணத் தவறியது இதைத்தான். கேசட் காகிதத்தில் ஒருபோதும் ஏறாத ஒன்று இருந்தது: ரீ-ரெக்கார்டிங். பின்னணி இசையை யாரும் பதிவுக் கடையில் கேட்டு வாங்கியதில்லை. ஆகவே அதை அளக்கும் கோலும் நம்மிடம் உருவாகவில்லை. இளையராஜாவின் பிற்காலத்தைப் பாட்டை வைத்து எண்ணினால் பள்ளத்தாக்கு. காட்சிக்கு எழுதிய இசையை வைத்து எண்ணினால் முற்றிலும் வேறு நிலப்படம். 'பிதாமகன்' (2003), 'நான் கடவுள்' (2009), 'நந்தலாலா' (2010) ஆகியவற்றை வரிசையாகக் கேளுங்கள். 'பழசிராஜா'வுக்கும் 'தாரை தப்பட்டை'க்கும் பின்னணி இசைக்கான தேசிய விருது கிடைத்தது. பின்னது ஆயிரமாவது படம் என்று அறிவிக்கப்பட்டது. விருதைச் சான்றாகக் காட்டுவது எனக்கு உவப்பில்லை, ஆயினும் எண்ணிக்கை ஆயிரத்தை எட்டிய இடத்தில் கை தளரவில்லை என்பதற்கு அது ஒரு குறிப்பு.

எனக்கு மிக முக்கியமானவை 2013-இல் வந்த இரண்டு படங்கள். இரண்டிலும் பாட்டே கிடையாது. மிஷ்கினின் 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்', எழுத்துத் தலைப்பிலேயே பின்னணி இசை என்று போடாமல் முன்னணி இசை என்று போட்டது. இரவு முழுவதும் ஓடும் கதையில் வயலின்களும் செல்லோக்களும் பேசுகின்றன; பேச வேண்டாத இடத்தில் நின்றுவிடுகின்றன. பாலு மகேந்திராவின் கடைசிப் படமான 'தலைமுறைகள்' அதற்கு நேர்மாறு. ஒரு கிராமத்து வீட்டின் அமைதிக்குள் இசை தயங்கித் தயங்கி நுழைகிறது. மூடுபனிக் காலத்திலிருந்து கூடவே இருந்த இயக்குநர் அவர். எங்கே வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர். எழுபது வயதில் ஓர் இசையமைப்பாளர் குறைவாக எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறார் என்றால், அதை வறட்சி என்று எப்படிச் சொல்வது? 'விடுதலை' முதல் பாகத்தில் (2023) அனன்யா பட்டோடு அவரே பாடும் பாட்டில் அவர் குரல் நடுங்குகிறது. அந்த நடுக்கத்தை மறைக்க அவர் எந்தக் கருவியையும் அதன்மேல் ஏற்றவில்லை. 1982-இல் அவரால் அப்படி எழுதியிருக்க முடியாது என்பது என் துணிபு.

அப்பாவுக்கு அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். அவர் 1992 கட்சிக்காரர். முழுதும் கேட்டார். "வயசாயிடுச்சு அவருக்கு" என்றார். இன்னொரு முறை போடச் சொன்னார். அவ்வளவுதான். கட்சி மாறியதாகத் தெரியவில்லை.

அப்பா சில ஆண்டுகள் நந்திதுர்க் மைனில் பாறை மாதிரிகளை அசே ஆபீசுக்கு எடுத்துச் செல்லும் வேலையில் இருந்தவர். அங்கே நடப்பதை அவர் சொல்லக் கேட்பது எனக்குப் பிடிக்கும். உள்ளே வெட்டிய ஒவ்வொரு முகத்திலிருந்தும் கல் வரும். பொடிப்பார்கள். ஈயச் சேர்மத்தோடு மூசையில் உருக்குவார்கள். எலும்புச் சாம்பல் கிண்ணத்தில் வைத்துச் சூடேற்றினால் ஈயத்தைக் கிண்ணம் உறிஞ்சிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மணி எஞ்சும். அதை எடைபோட்டு, எந்த இடம், எந்த மட்டம், எந்த நாள் என்று பேரேட்டில் எழுதுவார்கள். தங்கவயலின் தொடக்க காலத்தில் ஒரு டன் பாறையில் நாற்பது கிராமுக்கு மேல் கிடைத்தது, மூடும் காலத்தில் மூன்று கிராம் அளவுக்கு இறங்கியது என்று இன்று நாம் சொல்ல முடிவது அந்தப் பேரேடுகளால்தான். நூற்றிருபது ஆண்டுகளில் எண்ணூறு டன்னுக்கு மேல் தங்கம் எடுத்த இடம் இது. அதில் எதையும் நினைவிலிருந்து சொல்லவில்லை.

இளையராஜாவுக்கு அப்படி ஒரு பேரேடு இல்லை. இதுதான் எனக்கு இந்த வழக்கில் உண்மையான கவலை. ஒரு பாட்டு எந்த நாளில், எந்தக் கூடத்தில் பதிவானது, யார் வயலின், யார் பேஸ், பதிவுப் பொறியாளர் யார் என்று கேட்டால் பெரும்பாலானவற்றுக்குப் பதில் கிடையாது. எக்கோ இசைத்தட்டுகளின் உறையில் பாடகர் பெயர் இருக்கும், வாசித்தவர் பெயர் அரிது. இணையச் செயலிகளில் நிலைமை கேலிக்கூத்து: 1981-இன் பாட்டுக்கு மறுவெளியீட்டு ஆண்டு போட்டிருக்கும். உரிமை வழக்குகள் ஒருபுறம் நீள்கின்றன. அவற்றுக்குள் நான் நுழையவில்லை. 1993-இல் ராயல் ஃபில்ஹார்மோனிக்குடன் அவர் பதிவு செய்த முந்தைய ஆக்கம் இன்றுவரை வெளிவரவே இல்லை. விஜி மேனுவல் 2016-இல் மறைந்தார், புருஷோத்தமன் 2020-இல். அவர்களிடம் கேட்டு எழுதியிருக்க வேண்டியவை எத்தனை!

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. ஆனால் வேறிடத்தில் அதற்கு வேறு முடிவு கிடைத்திருக்கிறது. எங்கள் லைனுக்குச் சற்றுத் தள்ளிக் குடியிருந்த ஆங்கிலோ-இந்தியப் பெரியவர் ஒருவரிடம் ராக் இசைத்தட்டுகள் இருந்தன. ஆஸ்திரேலியா போகுமுன் சிலவற்றை எங்களிடம் விட்டுச் சென்றார். நீல் யங் என்ற பெயரை நான் முதலில் அவரிடம்தான் கேட்டேன். 1945-இல் பிறந்த கனடாக்காரர். இன்றும் ஏறத்தாழ ஆண்டுக்கொரு தொகுப்பு வெளியிடுபவர். ரசிகர்கள் தலையில் அடித்துக்கொள்ளும் அளவுக்கு ஏற்றத்தாழ்வானவர். எண்பதுகளின் தொடக்கத்தில் கணினிக் குரலில் ஒரு தொகுப்பும், ஐம்பதுகளின் பாணியில் இன்னொன்றும் அவர் கொடுத்ததும், நீல் யங்கைப் போல் இல்லாத இசையை நீல் யங் தருகிறார் என்று அவருடைய நிறுவனமான கெஃபன் அவர்மேலேயே வழக்குத் தொடுத்தது. பின்னர் வழக்கை விட்டுவிட்டது. இரசிகன் மனத்தில் எப்போதும் நடக்கும் வழக்கு அங்கே ஒருமுறை நீதிமன்றத்துக்கே போயிற்று, அவ்வளவுதான் வேறுபாடு. ஆனால் அந்த மனிதர் பின்னாளில் செய்த காரியத்தைப் பாருங்கள். 2017-இன் இறுதியில் தம் ஆவணக் காப்பகத்தை இணையத்தில் திறந்தார். நல்லது, கெட்டது, வெளிவந்தது, வராதது எல்லாம் கால வரிசையில், பதிவு நாளோடும் வாசித்தவர் பெயரோடும் இருக்கின்றன. அவருடைய ரசிகர்களும் சண்டையிடுகிறார்கள். ஆனால் கையில் ஏட்டை வைத்துக்கொண்டு சண்டையிடுகிறார்கள்.

2024 மே மாதம் சென்னை ஐஐடியில் இளையராஜா பெயரில் இசைக் கற்றலுக்கும் ஆய்வுக்குமான மையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. அதில் சேர வருபவர்களிடம் ஓர் ஆய்வு மாணவனாக நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. இராக ஆராய்ச்சியும் பாஹ்–தியாகராஜர் ஒப்பீடும் பிறகு ஆகட்டும். 'ஹௌ டு நேம் இட்' பற்றி நாற்பது ஆண்டுகளாகப் போதிய அளவு பேசிவிட்டோம். முதலில் பட்டியல் போடுங்கள். குவா குவா வாத்துகளிலிருந்து தொடங்கினாலும் சரி. கன்னடத்தில் 'கீதா'வையும் 'பல்லவி அனு பல்லவி'யையும் 'நம்மூர மந்தார ஹூவே'யையும் விட்டுவிடாதீர்கள். தமிழ்ப் பட்டியலாளர்களுக்கு ஓசூருக்கு அப்பால் கண் தெரிவதில்லை. வாசித்தவர்களில் உயிரோடு இருப்பவர்களைப் பார்த்துக் கேட்டு எழுதுங்கள். எது மேல், எது கீழ் என்பதைப் பிறகு நாங்கள் ரயிலிலேயே தீர்த்துக்கொள்கிறோம்.

டம்ப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை, முதல் நண்பனுக்காக. அந்தப் பதின்மூன்று மேடுகளில் மூன்று கோடி டன்னுக்கு மேல் மண் கிடக்கிறது. பழைய முறையில் அரைத்துப் பிரித்தபோது முழுதும் வராத தங்கம் அதில் இன்னும் உண்டு. அதை மீண்டும் எடுப்பதற்கான ஒன்றிய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. எடுப்பார்களா, எடுத்தால் எங்கள் வீடுகளின்மேல் எவ்வளவு தூசி விழும், வேலை யாருக்குப் போகும் என்பதெல்லாம் வேறு பதிவுக்கு உரியவை. வெறும் மண் என்று முடிவுகட்டியவர்கள் மாதிரி எடுத்துப் பார்த்த பிறகுதான் கருத்தை மாற்றிக்கொண்டார்கள் என்பதை மட்டும் அவன் கவனிக்கட்டும். இரண்டாம் நண்பனும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மாதிரி எடுத்துப் பார்ப்பதை அவமதிப்பு என்று யாரும் சொல்லவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தங்கவயலிலோ, இங்கிருந்து சென்று பெங்களூரிலோ சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்களிடம் பதிவுக் கடைக் கேசட்டுகளும் அவற்றுக்குள் வைத்த கைப்பட எழுதிய பட்டியல்களும் இருந்தால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். பட்டியலைப் படம் எடுத்து அனுப்பினாலே போதும். எந்த ஆண்டு, எந்தக் கடை என்பது நினைவிருந்தால் சேர்த்து எழுதுங்கள். மழைக்காலம் வருகிறது, பென்சில் எழுத்து ஈரத்துக்குத் தாங்காது. முதல் நண்பன் தன் அப்பாவின் கேசட் பெட்டியைத் தருவதாக ஒத்துக்கொண்டான். ஓடுகிற நிலையில் டேப் ரெக்கார்டர் இருப்பது இரண்டாமவன் வீட்டில். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன், இருவரையும்.